செருகுத் துண்டு மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது: லைகேஷன் தட்டும் கண்ட்ரோல் தட்டும் ஒன்றுபோல் இருக்கின்றன

செருகாத துண்டு எழுதியது:

வணக்கம். 5.4 கிலோபேஸ் (5,400 எழுத்து இணைகள்) நீளமுள்ள ஒரு பிளாஸ்மிட்டில், அதாவது பாக்டீரியாவுக்குள் பெருகும் வட்ட டி.என்.ஏ.வில், 900 இணை நீளமுள்ள மரபணு ஒன்றைச் செருக வேண்டும். மரபணுவை பி.சி.ஆர். (குழாயிலேயே டி.என்.ஏ.வை நகலெடுக்கும் முறை) மூலம் பெருக்கி எடுத்தேன். நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழைகளில், முன் பிரைமரின் நுனியில் ஹிண்ட்-3 தளம், பின் பிரைமரின் நுனியில் எக்ஸ்பா-1 தளம். இரண்டும் வெட்டு நொதிகள்; அவை வெட்டும் எழுத்து வரிசைதான் தளம். நொதி பிடித்துக்கொள்ள இடம் வேண்டும் என்பதால் தளங்களுக்கு வெளியே ஆறு எழுத்துகள் கூடுதலாக வைத்திருக்கிறேன். பிளாஸ்மிட்டையும் பி.சி.ஆர். துண்டையும் அதே இரண்டு நொதிகளால் வெட்டி, ஜெல்லில் ஓட்டி நீளப்படி பிரித்து, வெட்டியெடுத்துச் சுத்தம் செய்தேன். லைகேஷனில் (முனைகளை ஒட்டும் வினை) வெக்டர், அதாவது வெட்டிய பிளாஸ்மிட், 50 நானோகிராம், துண்டு 25 நானோகிராம். மூலக்கூறு எண்ணிக்கையில் 1:3. ஒட்டும் நொதி டி4 லைகேஸ், 16 டிகிரி, இரவு முழுவதும்.

பிறகு அதைப் பாக்டீரியா செல்களில் ஏற்றி, பிளாஸ்மிட் உள்ள செல்கள் மட்டும் வளரும் தட்டுகளில் பரப்பினேன். தட்டுகளின் நிலை இது:

வெக்டர் + துண்டு + லைகேஸ்: ஏராளமான காலனிகள்.
வெக்டர் + லைகேஸ், துண்டு இல்லை: அதே அளவு காலனிகள்.
வெக்டர் மட்டும், லைகேஸ் இல்லை: அங்கொன்றும் இங்கொன்றும்.
டி.என்.ஏ. இல்லாத செல்கள்: ஒன்றும் இல்லை.

முதல் தட்டிலிருந்து எடுத்த காலனிகள் எல்லாவற்றிலும் பழைய பிளாஸ்மிட்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் ஒருவர் லைகேஸை மாற்று என்கிறார், ஒருவர் விகிதத்தை 1:10 ஆக்கு என்கிறார், இன்னொருவர் பாஸ்படேஸ் (முனைகளின் பாஸ்பேட்டை நீக்கும் நொதி) போடு என்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

---

ஜெல் வாசகன் எழுதியது:

முதலில் பஃபரைப் பாருங்கள். லைகேஸுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. அதன் பஃபரில்தான் இருக்கிறது. உறைவிப்பானிலிருந்து எடுப்பதும் உருக்குவதும் திரும்ப வைப்பதுமாக இருந்தால் அது சிதைந்துபோகும். புதிய குழாய் வந்த அன்றே சிறு சிறு பங்குகளாகப் பிரித்து வைத்துவிட வேண்டும். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்; அதில் கலந்துள்ள டி.டி.டி. என்ற வேதிப்பொருளின் கந்தக நெடி அடிக்கவில்லை என்றால் அந்தப் பஃபர் வயதாகிவிட்டது. அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், கையில் வைத்துச் சூடேற்றிக் கலக்கினால் கரைந்துவிடும்.

அடுத்தது புற ஊதா விளக்கு. ஜெல் துண்டை வெட்டும்போது 302 நானோமீட்டர் விளக்கின் மேல் நிதானமாக நின்று அழகாக வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பக்கத்துப் பக்கத்துத் தைமின்கள் பிணைந்துகொள்கின்றன. ஜெல்லில் பட்டை பார்க்க நன்றாக இருக்கும், குளோனிங்குக்குத்தான் உதவாது. நீல ஒளி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் 365 நானோமீட்டர், அதுவும் சில நொடிகள்.

மூன்றாவது, சுத்திகரிப்புக் குழாயிலிருந்து வரும் குவானிடின் உப்பு. அந்த உப்புக் கலப்பைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் எவ்வளவு வந்தது? கழுவிய பிறகு வெறும் குழாயை ஒருமுறை கூடுதலாகச் சுழற்றி எத்தனாலை விரட்டினீர்களா? கரைத்து எடுத்தது டி.இ. பஃபரிலா? அதிலுள்ள இ.டி.டி.ஏ., லைகேஸுக்குத் தேவையான மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

---

பழைய பிப்பெட் எழுதியது:

ஜெல் வாசகன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அவற்றில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்குப் பதில் அல்ல. கேட்டவரே பதிலைத் தட்டில் எழுதி வைத்திருக்கிறார். யாரும் படிக்கவில்லை.

மூன்றாம் தட்டையும் இரண்டாம் தட்டையும் பக்கத்தில் வையுங்கள். லைகேஸ் இல்லாத தட்டில் காலனிகள் மிகக் குறைவு. அப்படியென்றால் பிளாஸ்மிட் வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டப்படாத வட்டப் பிளாஸ்மிட் மிச்சம் இருந்தால் அந்தத் தட்டும் நிரம்பியிருக்கும். அதே டி.என்.ஏ.வில் லைகேஸ் சேர்த்ததும் காலனிகள் குவிகின்றன. அப்படியென்றால் லைகேஸ் வேலை செய்கிறது, ஏ.டி.பி. உயிரோடு இருக்கிறது, மெக்னீசியம் இருக்கிறது, உப்பு தடுக்கவில்லை, புற ஊதா வெக்டரைக் கெடுக்கவில்லை, செல்களும் நல்ல செல்கள். ஒரே தட்டு இத்தனை சந்தேகங்களைத் தீர்த்துவிட்டது.

மிஞ்சுவது ஒரே கேள்வி. ஒரு முனையில் ஹிண்ட்-3, மறுமுனையில் எக்ஸ்பா-1 என்று வெட்டப்பட்ட வெக்டர் தானாக எப்படி மூடிக்கொள்ளும்? முன்னது வெட்டி விடும் ஒற்றை இழை முனை ஏஜிசிடி, பின்னது விடும் முனை சிடிஏஜி. இரண்டும் பொருந்தாது. ஆனால் உங்கள் வெக்டர், நாய் தன் வாலைக் கவ்வுவதுபோல், தன்னைத்தானே கவ்விக்கொள்கிறது. ஆக அதன் இரு முனைகளும் ஒரே வகை. இரண்டு நொதிகளில் ஒன்றுதான் வெட்டியிருக்கிறது.

பிளாஸ்மிட்டில் அந்த இரண்டு தளங்களுக்கும் நடுவே எத்தனை இணைகள்? ஒவ்வொரு நொதியாலும் தனித்தனியே வெட்டிப் பார்த்த ஜெல் இருக்கிறதா?

---

தட்டெண்ணி எழுதியது:

பிப்பெட் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் காரணம் எதுவாக இருந்தால் என்ன? வெக்டரின் பாஸ்பேட்டை நீக்கிவிட்டால் அது மூடிக்கொள்ளாது. தட்டில் வருவதெல்லாம் துண்டு ஏறியதாகத்தான் இருக்கும். பாஸ்படேஸ் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாமே.

---

பழைய பிப்பெட் எழுதியது:

தட்டு காலியாகும், அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள். வெக்டரின் இரு முனைகளும் ஹிண்ட்-3 என்று வைத்துக்கொள்வோம். துண்டின் ஒரு முனை அதில் ஒட்டும். மறுமுனை எக்ஸ்பா-1, ஒட்ட ஆளில்லை. வட்டம் முழுமையாகாது.

ஒரே ஒரு வழி உண்டு. இரண்டு துண்டுகள் எக்ஸ்பா-1 முனைகளில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு, வெளியே இரு பக்கமும் ஹிண்ட்-3 முனைகளோடு வெக்டருக்குள் நுழையலாம். அப்போது 900 இணைகள் நேராகவும் அதே 900 இணைகள் தலைகீழாகவும் அடுத்தடுத்து நிற்கும். இவ்வளவு நீளத் தலைகீழ் இரட்டைகளை பிளாஸ்மிட்டை வளர்க்கும் ஈ. கோலை பாக்டீரியா சகிப்பதில்லை; வெட்டி எறியும் அல்லது அந்தக் காலனியே வளராது. தப்பித்தவறி வளர்ந்த காலனியை எடுத்து பி.சி.ஆர். செய்தால் துண்டு இருப்பதாகக் காட்டும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள். பிறகு வரிசை வாசிப்புக்கு அனுப்பி வாரக்கணக்கில் குழம்புவீர்கள்.

பாஸ்படேஸ் ஒரே நொதியால் வெட்டும் குளோனிங்குக்கும் (மரபணுவைச் செருகிப் பெருக்குவது) மொட்டை முனைகளுக்கும் (நீட்டிய ஒற்றை இழை இல்லாதவை) நல்ல கருவி. இரு நொதி வெட்டில் அது தேவைப்படுகிறது என்றால், வெட்டு சரியில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

---

வளையம் எழுதியது:

இவ்வளவு துப்பறிய வேண்டுமா? கிப்சன் முறைக்குப் போய்விடுங்கள். 2009-இல் வந்த முறை, இன்னும் எத்தனை பேர் ஹிண்ட்-3 என்று மல்லுக்கட்டுகிறார்கள் என்று வியப்பாக இருக்கிறது. வெக்டரின் முனைகளோடு பொருந்தும் 20 முதல் 40 எழுத்துகளைப் பிரைமரின் நுனியில் சேர்த்துவிட்டால் போதும். டி5 எக்சோநியூக்ளியேஸ் 5 பிரைம் முனையிலிருந்து கடித்துக்கொண்டே போகும், வெளிப்பட்ட ஒற்றை இழைகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும், பாலிமரேஸ் இடைவெளியை நிரப்பும், டாக் லைகேஸ் வெட்டு வாயை மூடும். எல்லாம் ஒரே குழாயில், 50 டிகிரியில், ஒரு மணி நேரத்துக்குள். தளம் பற்றிய கவலையே கிடையாது.

---

மொட்டைமுனை எழுதியது:

கிப்சனுக்கும் வெக்டர் நேராக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை வளையம் சொல்லாமல் விட்டுவிட்டார். வெட்டப்படாத பிளாஸ்மிட் எந்த முறையிலும் தட்டை நிரப்பும். பெரிய கட்டுமானங்களுக்கு அது அற்புதமான முறை, மறுக்கவில்லை. ஆனால் 200 இணைக்கும் குறைவான துண்டுகளை டி5 முழுதாகவே தின்றுவிடும் அபாயம் உண்டு. முனையில் கொண்டை ஊசி மடிப்பு இருந்தால் இழைகள் எதிராளியைத் தேடாமல் தன்மேலேயே மடிந்துகொள்ளும். நான்கைந்து துண்டுகளை வரிசையாகக் கோக்க வேண்டுமென்றால் நான் கோல்டன் கேட் முறையின் பக்கம்தான் நிற்பேன். அதில் பயன்படும் பிஎஸ்ஏ-1 என்ற வெட்டு நொதி தன் அடையாளத் தளத்துக்கு வெளியே வெட்டுவதால் நான்கு எழுத்து முனையை நாமே எழுதிக்கொள்ளலாம். வெட்டுவதும் ஒட்டுவதும் 37-க்கும் 16-க்கும் மாறி மாறி ஒரே குழாயில் நடக்கும். சரியாக ஒட்டிய இடத்தில் தளமே மறைந்துவிடுவதால் மறுபடி வெட்டுப்படாது. தவறாக மூடிக்கொண்டது மறுபடி வெட்டுப்படும்.

ஆனால் கேட்டவருக்குத் தேவை ஒரு துண்டு, ஒரு வெக்டர். கையில் பிரைமரும் நொதியும் இருக்கின்றன. இதற்கு முறையை மாற்றுவது அவசியமில்லை.

---

செருகாத துண்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிப்பெட் ஐயா கேட்டதற்கு: வரைபடத்தில் ஹிண்ட்-3 முதலில் வருகிறது, அதிலிருந்து ஏறத்தாழ 40 இணை தள்ளி எக்ஸ்பா-1. தனித்தனி வெட்டு செய்ததில்லை. இரண்டையும் சேர்த்து வெட்டியபோது ஜெல்லில் 5.4-க்கு அருகே ஒரே நேர்த்தியான பட்டை வந்தது. அதனால் இரண்டும் வெட்டிவிட்டதாக எடுத்துக்கொண்டோம்.

அதே எக்ஸ்பா-1 பி.சி.ஆர். துண்டை வெட்டுகிறதே, அது எப்படி? நொதி கெட்டுப்போயிருந்தால் இரண்டையும் வெட்டியிருக்கக் கூடாதல்லவா?

இன்னொரு கேள்வி, தலைப்புக்கு வெளியே: 16 டிகிரி என்பது எங்கிருந்து வந்தது?

---

ஜெல் வாசகன் எழுதியது:

40 இணை வித்தியாசத்தை 5.4 கிலோபேஸ் பட்டையில் எந்த அகரோஸ் ஜெல்லும் காட்டாது. ஒருமுறை வெட்டியதும் இருமுறை வெட்டியதும் ஒரே இடத்தில்தான் நிற்கும். பி.சி.ஆர். துண்டு வெட்டுப்பட்டது என்பதும் அப்படித்தான்: நுனியில் ஆறேழு எழுத்து போனதை ஜெல்லில் யார் பார்த்தார்கள்?

தளங்கள் மிக அருகில் இருந்தால் முதல் நொதி வெட்டிய பிறகு இரண்டாவது தளம் நுனிக்கு வந்துவிடும். சில நொதிகள் நுனியில் உட்கார மறுக்கும். ஆனால் 40 இணை தாராளமான இடம், அது காரணமாக இருக்காது.

---

மொட்டைமுனை எழுதியது:

16 டிகிரிக்குப் பதில் சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம். லைகேஸ் முதலில் ஏ.டி.பி.யிலிருந்து ஏ.எம்.பி.யை எடுத்துத் தன் லைசின் ஒன்றின் மேல் ஏற்றிக்கொள்கிறது. பிறகு அதை டி.என்.ஏ.வின் 5 பிரைம் பாஸ்பேட்டின் மேல் வைக்கிறது. எதிரே நிற்கும் 3 பிரைம் ஹைட்ராக்சில் வந்து தாக்க, ஏ.எம்.பி. கழன்று விழுகிறது, முதுகெலும்புப் பிணைப்பு உருவாகிறது. இதெல்லாம் நடக்கும் வரை இரண்டு முனைகளும் பக்கத்தில் நிற்க வேண்டும். நான்கு எழுத்துகளின் ஹைட்ரஜன் பிணைப்பு அறை வெப்பத்தில் கண நேரம்கூட உறுதியாக நிற்காது. குளிர்ந்தால் முனைகள் நிற்கும், ஆனால் நொதி மந்தமாகும். சூடானால் நொதி சுறுசுறுப்பாகும், முனைகள் பிரிந்தோடும். 16 என்பது இரண்டுக்கும் நடுவே எட்டிய சமரசம். இன்றைக்குக் கிடைக்கும் செறிவான லைகேஸில் ஒட்டும் முனைகளுக்கு அறை வெப்பத்தில் பத்து நிமிடமே பெரும்பாலும் போதும். இரவு முழுவதும் வைப்பதால் கெடுதலும் இல்லை.

மொட்டை முனைகளையும் டி4 லைகேஸ் ஒட்டும் என்பதை 1970-இல் காட்டியது ஹர் கோபிந்த் கொரானாவின் குழு. ஈ. கோலையின் சொந்த லைகேஸ் ஏ.டி.பி.க்குப் பதில் என்.ஏ.டி.யைப் பயன்படுத்தும், மொட்டை முனைகளில் சுணங்கும். லைகேஸ் நொதியே 1967-இல்தான் பல ஆய்வகங்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்தே ஆண்டில், 1972-இல், பால் பெர்க்கின் குழு எஸ்.வி.40 வைரஸின் டி.என்.ஏ.வோடு பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா ஃபேஜ் வைரஸின் மரபணுக்களை ஒட்டிவிட்டது. அப்போது அவர்கள் ஒட்டும் முனைக்கு வெட்டு நொதியை நம்பவில்லை. ஒன்றுக்கு ஏ வால், இன்னொன்றுக்கு டி வால் என்று வேறொரு நொதியால் வளர்த்துக்கொண்டார்கள். கிப்சன்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், நீள வால் ஒட்டுதான் முதலில் வந்தது.

---

வளையம் எழுதியது:

பெருமைப்பட்டுக்கொண்டேன்.

---

பழைய பிப்பெட் எழுதியது:

கேட்டவரின் கேள்விக்குத் திரும்புவோம். "பி.சி.ஆர். துண்டை வெட்டும் நொதி பிளாஸ்மிட்டை ஏன் வெட்டவில்லை?" இதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றுதான். ஆனால் ஒன்று குழாயில் பிறந்தது, மற்றது பாக்டீரியாவுக்குள் பிறந்தது. பாக்டீரியா தன் டி.என்.ஏ. மேல் மெத்தில் என்ற சிறு வேதிக் குறி வைக்கும். ஈ. கோலையின் டாம் நொதி, ஜிஏடிசி என்ற வரிசையை எங்கே கண்டாலும் அதிலுள்ள ஏ-யின் மேல் மெத்தில் ஏற்றிவிடும்.

எக்ஸ்பா-1 தளம் டிசிடிஏஜிஏ. அதில் ஜிஏடிசி இல்லை. ஆனால் அதற்கு அடுத்த இரண்டு எழுத்துகள் டிசி என்று அமைந்துவிட்டால்? டிசிடிஏஜிஏடிசி. கடைசி நான்கைப் படியுங்கள். தளத்தின் இறுதி ஏ-யின் மேல் மெத்தில் உட்கார்ந்துவிடும், எக்ஸ்பா-1 அந்தப் பக்கமே திரும்பாது. தளத்துக்கு முன்னால் ஜிஏ இருந்தாலும் இதே கதை.

வரைபடத்தில் தளத்தின் பெயரைப் பார்த்தால் போதாது. எழுத்துகளைத் திறந்து, எக்ஸ்பா-1 முடிந்த பிறகு என்ன வருகிறது என்று பாருங்கள். பிறகு பிளாஸ்மிட்டை மூன்று குழாய்களில் வையுங்கள்: வெட்டாதது, ஹிண்ட்-3 மட்டும், எக்ஸ்பா-1 மட்டும். மூன்றையும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஓட்டுங்கள். எக்ஸ்பா-1 தளமுள்ள வேறு பிளாஸ்மிட் ஆய்வகத்தில் இருந்தால் நான்காவது குழாயில் அதையும் வெட்டுங்கள், நொதி நல்லதா என்று தெரிந்துவிடும்.

---

தட்டெண்ணி எழுதியது:

நான் எக்ஸ்பா-1-ஐ அடிக்கடி பயன்படுத்துகிறேன், சாதாரண செல்களில் வளர்த்த பிளாஸ்மிட்டில் தகராறே வந்ததில்லையே?

---

பழைய பிப்பெட் எழுதியது:

உங்கள் தளத்துக்குப் பக்கத்தில் வேறு எழுத்துகள். அதனால்தான் இந்தச் சிக்கல் ஆய்வகத்தில் ஒருவருக்கு மட்டும் வரும், மற்றவர்கள் அவருடைய கையைக் குறை சொல்வார்கள்.

---

செருகாத துண்டு எழுதியது:

பார்த்துவிட்டேன். தளத்துக்கு அடுத்து டிசி-தான் இருக்கிறது.

ஜெல்லும் ஓட்டிவிட்டேன். ஹிண்ட்-3 குழியில் 5.4-இல் ஒரே பட்டை. எக்ஸ்பா-1 குழி, வெட்டாத குழியின் நகலாகவே இருக்கிறது: கீழே முறுக்குண்ட வட்டத்தின் தடித்த பட்டை, மேலே மங்கலாகத் தளர்ந்த வட்டம், 5.4-இல் ஒன்றுமே இல்லை. வேறொரு பிளாஸ்மிட்டை அதே நொதி முழுதாக வெட்டியிருக்கிறது.

இப்போது என்ன செய்யலாம்? டாம் இல்லாத செல்கள் ஆய்வகத்தில் இருக்கின்றன.

---

பழைய பிப்பெட் எழுதியது:

அதில் ஏற்றி, புதிதாகப் பிளாஸ்மிட் எடுத்து, வெட்டுங்கள். இரண்டு எச்சரிக்கைகள். மெத்தில் ஏறிய பிளாஸ்மிட் டாம் இல்லாத செல்லுக்குள் போய்ப் பெருகத் தடுமாறும்; ஒரு முறை நகலெடுத்ததும் அரைகுறை மெத்திலோடு நின்றுவிடும். அதனால் காலனிகள் வழக்கத்தைவிட மிகக் குறைவாக வரும். கலங்காமல் கூடுதல் டி.என்.ஏ. போடுங்கள், சில காலனிகள் கிடைத்தாலே போதும். இரண்டாவது, அந்தச் செல்களைச் சேமிப்பு வீடாக ஆக்காதீர்கள். டாம் இல்லாவிட்டால் பிழைதிருத்தம் தடுமாறும், பிறழ்வுகள் கூடும். வெட்டுவதற்கான வெக்டரை மட்டும் அதில் எடுங்கள். லைகேஷனை வழக்கமான செல்களில் ஏற்றுங்கள்.

---

வளையம் எழுதியது:

வேறொரு வழியும் உண்டு. பின் பிரைமரை மட்டும் மாற்றி, வெக்டரில் எக்ஸ்பா-1-க்குப் பதில் பக்கத்திலுள்ள வேறு தளத்தைப் பயன்படுத்தலாம். அல்லது ஹிண்ட்-3-ஆல் மட்டும் நேராக்கி, அதற்குப் பொருந்தும் வால்களோடு... சரி, சொல்லவில்லை.

---

மொட்டைமுனை எழுதியது:

வளையம் இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், ஹிண்ட்-3 ஒன்றே போதும் என்பதால் கிப்சன் இங்கே உண்மையிலேயே பொருந்துகிறது. நான் எதிர்த்தது, காரணம் தெரியாமல் மாறுவதை.

இன்னொரு கிளை வழி: ஸ்பீ-1, என்ஹீ-1 என்ற வெட்டு நொதிகள் இரண்டும் எக்ஸ்பா-1 விடும் அதே சிடிஏஜி முனையைத்தான் விடுகின்றன. வெக்டரில் பொருத்தமான இடத்தில் அவற்றில் ஒன்று இருந்தால் அதை வெட்டிக்கொண்டு, துண்டை எக்ஸ்பா-1-ஆலேயே வெட்டலாம். பிரைமரை மாற்ற வேண்டியதில்லை. ஒட்டிய பிறகு அந்த இடத்தை இரண்டு நொதிகளும் வெட்டாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

---

செருகாத துண்டு எழுதியது:

டாம் இல்லாத செல்களிலிருந்து எடுத்த பிளாஸ்மிட்டில் எக்ஸ்பா-1 முழுதாக வெட்டியது. லைகேஷனும் முடிந்தது. இந்த முறை துண்டு இல்லாத தட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் காலனிகள், துண்டு உள்ள தட்டில் நெருக்கமாக வளர்ந்திருக்கின்றன. லைகேஸும் பஃபரும் பழைய குழாய்கள்தான். விகிதமும் அதே 1:3.

காலனி பி.சி.ஆர். செய்ததில் பெரும்பாலானவற்றில் எதிர்பார்த்த பட்டை. ஒரு பிரைமர் வெக்டரில், மற்றது துண்டுக்குள். பிளாஸ்மிட் எடுத்து ஹிண்ட்-3, எக்ஸ்பா-1 இரண்டாலும் வெட்டி 900 இணைத் துண்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டு வரிசை வாசிப்புக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

---

ஜெல் வாசகன் எழுதியது:

விழாது.

---

பழைய பிப்பெட் எழுதியது:

ஜெல் வாசகன் முந்திக்கொண்டார். உங்கள் வரைபடப்படி ஹிண்ட்-3, துண்டு, எக்ஸ்பா-1, பிறகு வெக்டரின் அந்த டிசி. துண்டு ஏறிய பிறகும் டிசிடிஏஜிஏடிசி அப்படியே மறுபடி உருவாகியிருக்கிறது. லைகேஷனை ஏற்றியது வழக்கமான செல்களில், அங்கே டாம் மறுபடி மெத்தில் வைத்திருக்கும். எக்ஸ்பா-1 வெட்டாது, 900 விழாது, நீங்கள் நல்ல குளோன்களைத் தூக்கி எறிவீர்கள். ஹிண்ட்-3 மட்டும் போட்டு 6.3-க்கு நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு துண்டுக்குள் ஒரு முறை, வெக்டரில் ஒரு முறை வெட்டும் நொதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், திசையும் தெரிந்துவிடும்.

மரபணுவின் நிறுத்தக் குறி என்ன? டிஜிஏ என்று முடிந்து, பிரைமரில் அதை ஒட்டியே எக்ஸ்பா-1 தளத்தை வைத்திருந்தால் டிஜிஏடிசிடிஏஜிஏ. அங்கும் ஒரு ஜிஏடிசி ஒளிந்திருக்கிறது.

---

செருகாத துண்டு எழுதியது:

நிறுத்தக் குறி டிஏஏ. அந்தப் பக்கம் தப்பித்தேன். ஹிண்ட்-3 மட்டும் போட்டுப் பார்த்தேன், 6.3-இல் ஒற்றைப் பட்டை வந்திருக்கிறது. மூன்று குளோன்களை வரிசை வாசிப்புக்கு அனுப்பிவிட்டேன்.